குடும்பப் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்

துர்சுனாய் அன்றைக்குப் பார்த்துத் துணி துவைத்துக் கொடியில் போட்டது தப்பாகப் போயிற்று. மாதக்கணக்கில் கொட்டகை இருட்டில் ஒடுங்கிக் கிடந்த தேனீக்கள் அன்றுதான் முதல் வெயிலுக்கு வெளியே வந்தன. குளிர்காலம் பூராவும் வயிற்றில் அடக்கி வைத்திருந்ததைப் பறந்துகொண்டே இறக்கின. வெள்ளைப் படுக்கை விரிப்பு முழுக்க மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி. மாமனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு விரிப்பைச் சுற்றி வந்து, நகைக்கடையில் நகை பார்க்கிற மாதிரி ஒவ்வொரு புள்ளியாகக் குனிந்து பார்த்தார்.

"நல்ல மஞ்சள். தண்ணியாவும் இல்ல, கறுப்பாவும் இல்ல. எந்தப் பெட்டிலயும் நோய் கிடையாது," என்றார். "திரும்பத் துவைக்கணுமேன்னு மூஞ்சியத் தூக்காதே மகளே. இதவிட நல்ல சேதி இன்னிக்கு வேற வராது."

"துவைக்கறது நான்தானே அத்தா."

"அதான் நல்ல சேதின்னு சொல்றேன். எனக்குத் துவைக்கத் தெரிஞ்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

அப்போதுதான் அவள் மேலங்கிப் பையில் இருந்த கைபேசி அடித்தது. எடுத்தாள். ஒரு பெண்குரல், வானொலியில் செய்தி வாசிக்கிற மாதிரி, எந்த அவசரமும் இல்லாமல் பேசியது.

"இது தேனீ வளர்ப்போர் சங்கத்தின் உறுப்பினர் சேவை. புதிய உறுப்பினராக உங்களைப் பதிவு செய்ய, உங்கள் பெயரையும் குடும்பப் பெயரையும் தெளிவாகச் சொல்லவும்."

"துர்சுனாய்," என்றாள். அதற்கு மேல் வாய் நின்றுவிட்டது.

"குடும்பப் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்."

மாமனார் இன்னும் விரிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு மாட்டுக்கொட்டில் பக்கம் நடந்தாள். குரல் மறுபடி கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு, பதிவு நிறைவடையவில்லை, பிறகு அழைக்கிறோம் என்று சொல்லித் துண்டித்துக்கொண்டது.

அந்தக் குளிர்காலத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் மாமனார்தான் எழுந்து கையைத் தூக்கினார். "இந்த வசந்தத்துலேர்ந்து என் ஈயெல்லாம் என் மருமகளுது. உறுப்பினரும் அவதான். எழுதிக்கோங்க," என்றார். பின்வரிசையில் யாரோ, "ஏன் பெரியவரே, மகன் என்ன ஆனான்?" என்று கேட்டார்கள். "மகன் லாரிகூடப் பேசுவான். ஈகூடப் பேசறவ இவதான்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய கணவன் ருஷ்யாவில், வடக்கே எண்ணெய்க் கிணறுகளுக்கு லாரி ஓட்டுகிறான். பனி இறுகியதும் போய், பனி இளகியதும் வருவான். சில வருடம் இளகினாலும் வருவதில்லை.

மாமனார் அதைச் சிரித்துச் சொன்னாரே தவிர, சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுக்கவில்லை என்பது துர்சுனாய்க்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் அடைச் சட்டம் ஒன்றைத் தூக்கும்போது அவர் கை நடுங்கி, சட்டம் கீழே விழுந்து, ராணி ஈ நசுங்கிவிட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் அவர் அந்தப் பெட்டிக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கலிபா அக்கா கூப்பிட்டாள். சங்கத்தின் உறுப்பினர் விவரம் பார்ப்பவள் அவள்தான். முன்பெல்லாம் வசந்தம் வந்தால் தன்னுடைய பச்சைக் காரை உருட்டிக்கொண்டு அட்-பாஷிப் பள்ளத்தாக்கு முழுக்க வீடு வீடாகப் போவாள். ரொட்டியும் பாலாடையும் தின்பாள், எந்தப் பெட்டி செத்தது, யார் மகளுக்குக் கல்யாணம் என்றெல்லாம் கேட்பாள், போகிற போக்கில் உறுப்பினர் பதிவையும் முடித்துவிடுவாள். யாராவது இறந்துபோயிருந்தால் முதலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் பிறகுதான் பட்டியலில் பேரை அடிப்பாள். அவள் யாரிடமும் பேர் கேட்டதே இல்லை. எல்லாம் அவளுக்குத் தெரியும்.

இயந்திரம் வேண்டும் என்று கேட்டதும் கலிபாவேதான். முதுகுவலி ஒரு காரணம். இன்னொரு காரணம் பூ வயல். எஸ்பார்செட் தீவனப்பயிர் விதைத்த வயல்கள் ஜூனில் இளஞ்சிவப்பாகப் பூக்கும்போது எந்தப் பெட்டி எந்த வயலோரம் நிற்பது என்று சங்கம்தான் இடம் பிரித்துக் கொடுக்கும். பள்ளத்தாக்கின் வெள்ளைத் தேன் அந்தப் பூவிலிருந்துதான். நல்ல வயல் எல்லாம் வருஷா வருஷம் தலைவரின் சொந்தக்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. இப்போது குலுக்கலை இயந்திரமே செய்யும். "மெஷினுக்கு மச்சானும் கிடையாது, கொழுந்தியாளும் கிடையாது," என்று கலிபா கூட்டத்தில் சொன்னபோது தலைவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். வயதான உறுப்பினர்களிடம் பொத்தான் வைத்த பழைய கைபேசிதான் இருக்கிறது, எழுதப் படிக்கவும் கண் தெரியாது என்பதால், தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து இதைச் செய்துகொடுத்த பையன் எல்லாவற்றையும் குரலாலேயே முடிக்கிற மாதிரி அமைத்திருந்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

"துர்சுனாய், உனக்கு என்னடி ஆச்சு?" என்றாள் கலிபா. "என் திரையில பூரா பச்சை. பட்டாணித் தோட்டம் மாதிரி இருக்கு. நடுவுல நீ மட்டும் மிளகாப்பழம் மாதிரி செவப்பா நிக்கிற. நீயும் இன்னும் சில பேரும்."

"சிக்னல் சரியில்லக்கா."

"சிக்னலா? உங்க மேட்டுல நின்னா எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாக்காரன் தும்மறதே கேக்கும். பதிவ நான் கேட்டேன்டி. 'துர்சுனாய்'னு ஒரு சொல்லு. அப்புறம் மூச்சு. அப்புறம் மாடு கத்துது. துர்சுனாய் ஜுமாகதிரொவா, அவ்வளவுதானே? பால்குடிக்கிற கொழந்த சொல்லும்."

கலிபா அந்தப் பேரைச் சாதாரணமாக, கதவைத் திறக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். துர்சுனாய் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். மாமனார் அடுப்பங்கரையில் வறட்டி போட்டுக்கொண்டிருந்தார், கேட்டிருக்காது.

"அக்கா, நீங்களே எனக்குப் பதிலா சொல்லிடக் கூடாதா?"

"அங்கதான் வம்பு. குரல்தான் சாவியாம். இடம் குலுக்கறதுக்கு, பெட்டி ஏத்தற லாரிக்கு, தேன் கொண்டாந்து கொடுக்கறதுக்கு, எல்லாத்துக்கும் அந்தக் குரலையே கேக்கும். நான் சொல்லிட்டா நீ வருஷம் முழுக்க என்னக் கையோட இழுத்துக்கிட்டு அலையணும். இங்க பாரு, வெள்ளிக்கிழம சாயங்காலம் குலுக்கல். அதுக்குள்ள பச்சை ஆகலேன்னா உன் பெட்டிக்கு வயல் கிடையாது. உருளைக்கிழங்குக் காட்டுல நிறுத்தி அதுங்களுக்கு சர்க்கரைத் தண்ணி ஊத்திக்கிட்டு இரு."

"வியாழனுக்கு மறுநாளா?" என்றாள் துர்சுனாய்.

"அதான் சொன்னேனே, வெள்ளி."

துர்சுனாய் அந்தக் கிழமையைச் சொல்வதில்லை. அவர்கள் பேச்சில் ஜுமா என்றால் வெள்ளிக்கிழமை. மாமனார் பேர் ஜுமாகதிர். மருமகளாக வந்தவள் மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. அந்தப் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல்லையும் சொல்லக்கூடாது. பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் இப்போது யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. துர்சுனாய் வந்த வீட்டில் கண்டுகொண்டார்கள். கணவன் தன் அப்பா பேரையே குடும்பப் பெயராக வைத்திருந்தான். கல்யாணத்தன்று, பெண்களுக்குச் சேர்க்கிற 'ஒவா'வோடு, அதுவே அவள் பாஸ்போர்ட்டிலும் ஏறிவிட்டது. ஆகவே தன் சொந்தப் பேரையே அவள் ஒருநாளும் முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியும் வரவில்லை. மருத்துவமனையிலும் வங்கியிலும் பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும், அவர்களே படித்துக்கொள்வார்கள். இந்த இயந்திரத்துக்கு மட்டும் கண் இல்லை, காதுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் கணவன் பேசினான்.

"இதுக்குப் போயி குழம்பறியா? சும்மா சொல்லிட்டுப் போ. அங்க யாரு கேக்கப் போறா?"

"நான் கேப்பேன்ல?" என்றாள்.

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். மாமியார் இருந்தவரைக்கும் பயம். மாமியார் போய் எத்தனையோ குளிர்காலம் ஆகிவிட்டது. இது வேறு.

அவள் மருமகளாக வந்த முதல் குளிர்காலம். வீடு நிறைய விருந்தாளிகள். ஆட்டை அறுத்து, தலையை மூத்தவருக்கு வைத்து, எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சந்தைக்கு என்று போவது என்று யாரோ கேட்க, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவள், யோசிக்காமல், அந்தக் கிழமையைப் பேர் சொல்லிச் சொல்லிவிட்டாள்.  மாமியார் முகம் இருண்டது. கணவனின் பெரியம்மா, "பொண்ணு பாக்கப் போனப்போ நாக்கப் பாக்காம விட்டுட்டோம்," என்றாள். துர்சுனாய் கையிலிருந்த கிண்ணம் தளும்பி விரிப்பில் கொட்டியது.

அப்போது மாமனார் எலும்பிலிருந்து கறியைச் சீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "எனக்கும் அந்தக் கெழமை பிடிக்கவே பிடிக்காது. அன்னிக்குத்தான் எப்பவும் காத்து வீசும், ஈ வெளிய வராது. இனிமே நம்ம வீட்டுல வியாழனுக்கு மறுநாள்னே சொல்லுவோம். நானும் அப்படித்தான் சொல்லப் போறேன்."

சொன்னபடியே செய்தார். அன்றிலிருந்து அவர் வாயிலும் அந்தக் கிழமை வரவில்லை. பின்னால் பிறந்த பேரக் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் போய் வியாழனுக்கு மறுநாள் என்று சொல்லித் திட்டு வாங்கினார்கள். தான் ஒருத்தி தனியாக வாயைக் கட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று வீடு முழுக்க வாயைக் கட்டவைத்த மனிதர். அவர் பேரை ஒரு இயந்திரத்திடம் தூக்கிப் போட அவள் நாக்கு எழவில்லை. அதைக் கணவனுக்கு எப்படிச் சொல்வது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

கொட்டிலில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்த்தாள். முதல் எழுத்துக்கு மேல் போகவில்லை. இயந்திரம் அடுத்த தடவை அழைத்தபோது, "துர்சுனாய், பெரியவர் வீட்டு மருமகள்," என்றாள். "பெயர் பொருந்தவில்லை," என்றது. "மேட்டு வீட்டு துர்சுனாய்," என்றாள். அதுவும் பொருந்தவில்லை. கலிபா அக்காவாக இருந்தால் இரண்டில் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பாள்.

புதன்கிழமை தேநீர் நேரத்தில் மறுபடி அடித்தது. கைபேசி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் எடுத்து ஒலிபெருக்கியை அணைப்பதற்குள் குரல் வெளியே வந்துவிட்டது: "குடும்பப் பெயரைத் தெளிவாகச் சொல்லவும்."

"இந்தப் பொம்பள என்ன, தினமும் வர்றா?" என்றார் மாமனார். "சொல்லித் தொலையேன் மகளே. உன் பேருல கடனா கேக்கறா?"

துர்சுனாய் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். பிட்டதையே இன்னும் சின்னதாகப் பிட்டாள்.

"கொடு இங்க. இவளோட நான் பேசறேன்." கைபேசியை வாய்க்கு முன்னால் குவளை மாதிரி பிடித்துக்கொண்டு, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளோடு பேசுகிற குரலில் சொன்னார்: "ஜுமாகதிர்!"

 பிறகு குரல் சொன்னது: "ஜுமாகதிர். உங்கள் உறுப்பினர் காலம் நிறைவுற்றது. இத்தனை ஆண்டு உங்கள் பங்களிப்புக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது."

அவர் கைபேசியைத் தள்ளிப் பிடித்து அதையே பார்த்தார். "மண்ணு போட்டு மூடிட்டு வந்த மாதிரி பேசறாளே."

துர்சுனாய் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவர் அவளைப் பார்த்தார். மறுபடி கைபேசியைப் பார்த்தார். தேநீர்க் கிண்ணத்தை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"மகளே. பாஸ்போர்ட்டுல உன் பேரு என்னன்னு போட்டிருக்கு?"

அவள் தட்டில் உதிர்ந்த ரொட்டித் துணுக்குகளை ஒன்றுசேர்த்தாள்.

"ஆமால்ல," என்றார் மெதுவாக. "உன் பேருக்குப் பின்னாடி நான் இத்தன வருஷமா ஒட்டிக்கிட்டு நிக்கறேன்னு எனக்கு நெனப்பே இல்ல."

அடுப்பில் வறட்டி நொறுங்கி விழும் சத்தம் கேட்டது.

"நான் சொல்றேன், சொல்லு. ஒரு பாவமும் வராது. வந்தா எம் மேல வரட்டும்."

"பாவம்னு பயந்து இல்ல அத்தா."

"அப்புறம்?"

"தெரியல."

அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப என் பேர மாத்திடுவோம். இந்த வயசுல எனக்குப் பேரு எதுக்கு? கெழவன்னு எழுதிக்கச் சொல்லு. துர்சுனாய் கெழவனொவா. நல்லாத்தான் இருக்கு."

இந்த முறை அவளால் அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு, கிண்ணத்தைச் சுற்றிலும் விரல்களை வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார்:

"இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம். நானே திரும்ப உறுப்பினராயிடறேன். பேருக்குத்தான். வேலயெல்லாம் நீயே பாரு. என் பேரச் சொல்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லையே."

அது சுலபமான வழி. கலிபா அரை மணியில் செய்துவிடுவாள். அவர் கை நடுங்கிக் கிண்ணத்தில் தேநீர் வளையம் வளையமாக அசைந்துகொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் மணையில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம், கூட்டத்தில் தூக்கிய அந்தக் கை, எல்லாம் அவள் நினைவுக்கு வந்தது. அவர் மறுபடி அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வேண்டாம் என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் வாய் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"வேண்டாம் அத்தா. எனக்கு வேணும்."

சொன்ன வேகத்தில் அவளுக்கே முகம் சிவந்தது. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எதையும் அவள் எனக்கு வேணும் என்று சொன்னதில்லை. மாமனார் தலையாட்டினார். கண்ணோரம் சுருக்கம் விழுந்தது.

"அப்படிச் சொல்லு," என்றார். ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

வியாழனுக்கு மறுநாள் காலையிலேயே அவர் தாடியைச் சீவி, விசேஷங்களுக்குப் போடுகிற வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் பெட்டியிலிருந்து எடுத்தார். கருப்பு மேலங்கியைத் தட்டிப் போட்டுக்கொண்டார்.

"எங்க அத்தா?"

"தொழுகைக்கு."

துர்சுனாய் அவரைப் பார்த்தாள். முழங்கால் கெட்டதிலிருந்து அவர் வீட்டிலேயேதான் தொழுகிறார். பள்ளிவாசல் ஊருக்கு அந்தக் கோடியில், ஏற்றத்தில் இருக்கிறது. பனி இளகி வழியெல்லாம் சேறு.

"இன்னிக்கு இமாம் ரொம்ப நேரம் பேசுவாராம்," என்றார், வாசற்படியில் காலணியை மாட்டிக்கொண்டே. "வசந்தம் வந்தா அவருக்குப் பேச்சு ஊறும். நான் வர நேரமாகும். வெகு நேரம் ஆகும். புரியுதா?"

"புரியுது அத்தா."

"கேட்டைச் சாத்திக்க."

கைத்தடி சேற்றில் சளக் சளக்கென்று போகும் சத்தம் மண்சுவருக்கு அந்தப் பக்கம் தேய்ந்தது. அவள் கேட்டைச் சாத்தினாள். பிறகு கையைக் கழுவினாள். ஏன் கழுவினோம் என்று தெரியவில்லை. சங்கத்தின் எண்ணை அவளே அழைத்தாள்.

"உங்கள் பெயரையும் குடும்பப் பெயரையும் தெளிவாகச் சொல்லவும்."

சொன்னாள். முழுசாகவே சொன்னாள். ஆனால் சுவரில் தொங்குகிற கம்பளத்துக்குக்கூடக் கேட்காத குரலில்.

"ஒலி போதவில்லை. உரக்கச் சொல்லவும்."

கொஞ்சம் உயர்த்தினாள்.

"ஒலி போதவில்லை. திறந்த வெளிக்குச் சென்று முயலவும்."

கதவைத் திறந்துகொண்டு முற்றத்துக்கு வந்தாள். கொடியில் மறுபடி துவைத்த விரிப்புகள். பெட்டி வாசல்களில் தேனீக்கள் கால் நனைத்துப் பார்க்கிற மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. நாய் வந்து காலடியில் நின்று, அவள் யாரைத் திட்டப் போகிறாள் என்று அண்ணாந்து பார்த்தது. அவள் மலையைப் பார்த்துக்கொண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு, ஆடு மேய்க்கிற காலத்தில் சரிவுக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பியைக் கூப்பிட்ட குரலில் கத்தினாள்:

"துர்சுனாய்! ஜுமாகதிர்—"

அங்கே மூச்சு முட்டி நின்றது.

"ஓய்! இங்கதான் இருக்கேன்! வர்றேன்!" என்றது மண்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

 நாய் சுவரைப் பார்த்தது. துர்சுனாய் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. கம்பளித் தொப்பியின் நுனி மட்டும் தெரிந்து, சட்டென்று தாழ்ந்தது.

"மன்னிக்கவும்," என்றது கைபேசி. "ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசவும்."

அவளுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாலும் விரல் இடுக்கில் வந்தது. கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அந்தச் சிரிப்போடே சொன்னாள். துர்சுனாய் ஜுமாகதிரொவா. ஒரு தடங்கலும் இல்லாமல் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது.

"நன்றி, துர்சுனாய் ஜுமாகதிரொவா. உங்கள் உறுப்பினர் நிலை உறுதி செய்யப்பட்டது."

அவள் கேட்டைத் திறந்தாள். பக்கத்து வீட்டார் வெட்டிப் போட்ட பாப்ளர் மரத்தடியின் மேல் மாமனார் உட்கார்ந்திருந்தார். காலணி முழுக்கச் சேறு. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"முழங்கால் இதுக்கு மேல வரமாட்டேன்னுடுச்சு," என்றார். "நான் ஒண்ணும் கேக்கல. காதப் பொத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

"அப்ப எப்படிப் பதில் சொன்னீங்க?"

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்லாம எப்படி இருக்கறது?"

அவள் இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, மருமகள் பெரியவர்களுக்குக் குனிகிற மாதிரி தாழக் குனிந்தாள். அவர் உள்ளங்கைகளை விரித்து ஏதோ ஆசி முணுமுணுத்து, முகத்தில் தடவிக்கொண்டார். எழுந்திருக்க முயன்று முடியாமல், அவள் பக்கத்தில் வந்து தோளைக் கொடுத்ததும் எழுந்தார்.

"எங்கம்மா கூப்பிடுவா இப்படி," என்றார் நடந்துகொண்டே. "கன்னுக்குட்டி பார்லிக்குள்ள பூந்துட்டா அந்த மேட்டுல நின்னு ஒரே கத்து. எங்க இருந்தாலும் ஓடி வரணும். அவளுக்கு அப்புறம் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. பெரியவரேங்கறாங்க, அத்தாங்கறாங்க, தாத்தாங்கறாங்க. இப்ப உன் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம், கன்னுக்குட்டி எங்க போச்சோன்னு ஆயிடுச்சு."

 அவர் எடை அவள் தோளில் அழுந்தியது. இலையுதிர் காலத்தில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது.

படி ஏறுவதற்குள் கலிபா கூப்பிட்டாள்.

"பச்சை! பச்சை ஆயிட்டடி! என்ன பண்ணின?"

"சொன்னேன்க்கா."

"உன் பதிவக் கேட்டேன். நடுவுல யாரோ கெழவன் கத்தறான், நீ பைத்தியம் மாதிரி சிரிக்கற..." கலிபா நிறுத்தினாள். அடுத்துப் பேசும்போது குரல் இறங்கியிருந்தது. "ஏய் துர்சுனாய். இப்பத்தான்டி எனக்கு உறைக்குது. பாக்கி நிக்கற செவப்பெல்லாம் பொம்பளைங்க. எல்லாம் மாமனார் பேரச் சொல்லாத வீட்டு மருமகளுங்க. என் மாமனார் நான் வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு, எனக்கு இந்தத் தொல்லையே தெரியாது. வீடு வீடா போனவ நான், எனக்குத் தோணியிருக்க வேண்டாமா? அவங்களுக்கெல்லாம் என்னடி சொல்லட்டும்? நீ பண்ணின மாதிரி பண்ணச் சொல்லவா?"

துர்சுனாய் யோசித்தாள். மாமனார் படியில் உட்கார்ந்து சேற்றுக் காலணியைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தார். அவள் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குனிந்து கழற்றினாள்.

"சொல்லாதீங்கக்கா. எல்லா வீட்டு மாமனாரும் இந்த முழங்காலோட தொழுகைக்குக் கிளம்ப மாட்டாங்க. மெஷினைத்தான் மாத்தச் சொல்லணும். பேரச் சொல்ல முடியாதவங்க ஒரு எண்ண அழுத்தினாப் போதும்னு வைக்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஏற்கெனவே உறுப்பினரா இருக்கறவங்க ரெண்டு பேரு, இவளத் தெரியும்னு சொல்லட்டும். அதுவரைக்கும் குலுக்கல் நிக்கட்டும்."

"குலுக்கல நிறுத்தணும்னா கூட்டம் போடணும். தலைவர் கத்துவாரு, இதுக்குத்தான் மெஷின் வேண்டாம்னேன்னு."

"கத்தட்டும்."

"அப்ப நீயே எழுந்து சொல்லு. நீதான் உறுப்பினராச்சே இப்ப." கலிபா அதற்குள் பழைய கலிபா ஆகிவிட்டாள். "இன்னிக்கே, குலுக்கலுக்கு முன்னாடியே கூட்டறேன். ஆனா பேசறவங்க முதல்ல எழுந்து நின்னு முழுப் பேரையும் சொல்லணும், அது விதி. முடியுமாடி?"

துர்சுனாய் கையில் ஒற்றைக் காலணியோடு நின்றாள்.  இயந்திரத்திடம் சொல்வது ஒன்று, ஊர் முன்னால் சொல்வது வேறு.

கைபேசியில் கலிபா பேசுவது படி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். மாமனார் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"நானும் வர்றேன்னு சொல்லு," என்றார். "முன்வரிசையில எடம் போட்டு வைக்கச் சொல்லு. சத்தமா சொல்லணும் மகளே, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."